குளிருக்கு மூன்று மாத விடுப்பு

பினாங்கு விமான நிலையத்தின் வருகை வாசலில் அக்கா வந்து நின்றபோது, அவர் கையில் முழங்கால்வரை நீளமான ஒரு கம்பளிக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. பக்கத்தில் நின்ற டாக்சி ஓட்டுநர் அந்தக் கோட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்ல இருந்து கிளம்பும்போது ரெண்டு டிகிரிடா தம்பி. இது இல்லாம வாசல் தாண்ட முடியாது" என்றார் அக்கா.

கோட்டை வாங்கிக் காரின் பின் இருக்கையில் போட்டேன். சுங்கைப் பட்டாணிக்கு வந்து சேரும்வரை அது மூன்றாவது ஆள்போல எங்களோடு உட்கார்ந்து வந்தது.

அக்காவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. 1973ஆம் ஆண்டு, பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து தாதிமைப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் அங்குள்ள மருத்துவமனைகளுக்குப் பயிற்சித் தாதிகள் தேவைப்பட்டார்கள். மலேசியாவிலிருந்து நிறையப் பெண்கள் போனார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர் அக்கா ஒருவர்தான். அப்பா இரண்டு பசுக்களை விற்றார். அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. விமானம் ஏறப் போகிறவருக்குத் தோட்டத்துக் கிராணி ஒரு பழைய ஸ்வெட்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது நினைவிருக்கிறது.

அக்கா போய்ச் சேர்ந்த ஊர் நியூகாசல். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், டைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கேயே வேலை, அங்கேயே திருமணம், ஒரு மகள், இப்போது ஒரு பேரன். மச்சான் வெள்ளைக்காரர். பூனைபோல அமைதியான மனிதர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார்.

போன ஆண்டுக் குளிரில் அக்கா வீட்டு வாசற்படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கை சரியான பிறகும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால், "தூங்கிட்டேன்டா" என்பார். அங்கே மணி பார்த்தால் பிற்பகல் நான்கு. மகள் பயந்துபோய் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனாள். வெளிச்சம் குறையும் மாதங்களில் வருகிற மனச்சோர்வு என்றார் அவர். அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. 1984ஆம் ஆண்டு நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள்.

"இந்தக் குளிருக்கு அம்மாவை அங்கே வரவழைச்சிக்குங்க மாமா" என்றாள் மகள். அதற்குத்தான் காத்திருந்தவன்போல நான் "சரி" என்றேன்.

மூன்றரை மணிக்கு இருட்டும் ஊர்

அக்காவின் ஊருக்கு ஒரு முறை டிசம்பரில் போயிருக்கிறேன். குளிரை எதிர்பார்த்துத்தான் போனேன். இருட்டைத்தான் எதிர்பார்க்கவில்லை. டிசம்பர் கடைசியில் அங்கே காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மாலை மூன்று நாற்பதுக்கெல்லாம் மறைந்துவிடும். அந்த ஏழு மணி நேரமும் மேகத்துக்குப் பின்னால் பழைய பல்புபோல மங்கலாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறார்கள்.

நியூகாசல் இருப்பது வட அட்சரேகை 55 டிகிரியில். லங்காவி இருப்பது 6 டிகிரியில். இங்கே ஜனவரியிலும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. வெயில் வந்தால் குடையைத் தேடுகிறோம். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்காகத்தான் ஆயிரக்கணக்கானோர் ஐரோப்பாவிலிருந்து பறந்து வருகிறார்கள்.

பொங்கல் முடிந்த மறு வாரம் நான், மனைவி, அக்கா மூவரும் லங்காவிக்குப் புறப்பட்டோம். நான்கு இரவுகள். ஏன் லங்காவி என்றால், மச்சானும் அக்காவும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு குளிர்காலத்தை அங்கே கழிக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்களாம். மச்சானின் மேசை இழுப்பறையில் லங்காவியின் வரைபடம் ஒன்று மடித்து வைத்தபடியே இருந்ததாம்.

நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது இடப்பக்கம் ஜெராய் மலை கூடவே வந்தது. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டார். "லயத்து வாசல்ல நின்னா இது தெரியும். மலை மேல மேகம் படுத்தா மழை வரும், பால் எடுக்கப் போக முடியாதுன்னு அப்பா சொல்வாரு" என்றார். அக்காவின் தமிழ் 1973இல் நின்றுபோன தமிழ். பெரட்டு, காண்டா கம்பு, ஆயாக் கொட்டாய் என்று, தோட்டங்களோடு மறைந்துபோன சொற்களெல்லாம் அவர் வாயில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. என் பிள்ளைகளுக்கு அவற்றில் பாதி புரியாது.

கோலக் கெடா படகுத்துறையில் காரை நிறுத்திவிட்டுப் படகு ஏறினோம். குவா நகர் வந்து சேர ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். கோலப் பெர்லிசிலிருந்து போனால் இன்னும் சீக்கிரம் சேரலாம். துறையில் இறங்கியதும் செம்பழுப்பு நிறத்தில் பிரம்மாண்டமான கழுகுச் சிலை. அந்தக் கழுகின் பெயரும் நிறமும் சேர்ந்துதான் 'லங்காவி' ஆனது என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

பத்து வெள்ளி

பந்தாய் செனாங் கடற்கரையில் தங்கும் விடுதி. முகப்பில் இருந்த பெண் எங்கள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தார். அக்கா தன் பிரிட்டிஷ் கடப்பிதழை நீட்டினார்.

"மேடம் அறைக்கு மட்டும் சுற்றுலா வரி, ஓர் இரவுக்குப் பத்து வெள்ளி" என்று அந்தப் பெண் மலாயில் மரியாதையாகச் சொன்னார். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் உள்ள வரிதான் அது. மலேசியக் குடிமக்களுக்கு இல்லை, வெளிநாட்டவர்க்கு உண்டு. தவறு யார் மேலும் இல்லை.

அக்கா நாற்பது வெள்ளியை எண்ணி வைத்தார். பிறகு நல்ல கெடா மலாயில், "தங்கச்சி, நான் பிறந்தது பீடோங்கில்" என்றார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் நீங்கள் நம்ம ஊர்க்காரர்!" என்றார். என்றாலும் ரசீதில் 'வெளிநாட்டவர்' என்றுதான் இருந்தது.

அறைக்குப் போகும் வழியில் மனைவி என் காதில், "நாமே கட்டியிருக்கலாமே" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அக்காவைத் தைத்தது பணம் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றுக்கொண்டால் இங்குள்ளதை இழக்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு, எண்பதுகளில், அக்கா அந்த முடிவை எடுத்தார். அந்தச் செய்தி வந்த கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். அம்மா எதுவும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார்.

வெயில் காய்கிறவர்கள்

லங்காவியில் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். வடகிழக்குப் பருவமழை அப்போது கிளந்தானையும் திரங்கானுவையும் வெளுத்து வாங்கும். அந்தப் பக்கத்துத் தீவு விடுதிகள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மூடிக்கிடக்கும். நடுவே தீபகற்பத்தின் மலைத்தொடர் தடுப்பதால் மேற்குக் கரைக்கு அந்த மழை அவ்வளவாக எட்டுவதில்லை. அதனால்தான் ஐரோப்பாவில் குளிர் உச்சத்தில் இருக்கும்போது இங்கே வானம் தெளிவாக இருக்கிறது. ஜூன், ஜூலையில் ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். அங்கிருந்து வருகிறவர்களுக்கு அந்த மாதங்களில் ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகள் பொருத்தம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வருவதாக இருந்தால், ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதத்தைப் பாருங்கள்.

செனாங் கடற்கரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம். காலையில் நடந்தால் உலக வரைபடமே மணலில் படுத்திருக்கும். ரஷ்யர்கள், ஜெர்மானியர்கள், சுவீடன்காரர்கள். நம் ஊர்க்காரர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் குழந்தைகளோடு வந்து, உடுத்திய துணியோடு அலையில் இறங்குகிறார்கள்.

அக்கா முதல் நாள் காலை பத்து மணிக்கே துண்டை விரித்து வெயிலில் உட்கார்ந்துவிட்டார். குடை பிடித்துக்கொண்டு வந்த என் மனைவிக்குத் தாங்கவில்லை.

"கறுத்துப் போயிடுவீங்க அண்ணி. நிழலுக்கு வாங்க."

"கறுக்கிறதுக்கு இனிமே என்னம்மா இருக்கு? உடம்புல வெயில் படணும்னுதானே வந்தேன்" என்று சிரித்தார் அக்கா.

பிறகு தாதியாகிப் பாடம் நடத்தினார். பிரிட்டனில் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை சூரியன் வானத்தில் மிகவும் தாழ்வாகவே நகரும். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர் தரைக்குப் போதிய அளவு வந்து சேராது. அதனால் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதை எல்லாருமே கருத்தில் கொள்ள வேண்டும் என்பது அங்குள்ள அரசின் அறிவுரை. நம்மைப் போன்ற கருந்தோல் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல் வெயில் தேவைப்படுவதால், ஆண்டு முழுவதும் மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். "வெயில்ல கறுத்த இனம் நாம. வெயில் இல்லாத ஊருக்குப் போனா உடம்பு கணக்குக் கேக்குது" என்றார். ஆனால் பதினொரு மணி ஆனதும் தானே எழுந்து நிழலுக்கு வந்துவிட்டார். உச்சி வெயிலில் கிடந்து தோலைச் சுட்டுக்கொள்ளும் வெள்ளைக்கார இளைஞர்களைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்தது.

அங்கே வட ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒரு வயதான தம்பதியோடு அக்காவுக்குப் பழக்கமாயிற்று. அவர்கள் ஊரில் டிசம்பரில் சில வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லையாம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் வந்து வாடகைக்கு வீடு எடுத்து, காலைச் சந்தையில் மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்களாம். பசியாற ரொட்டி சானாய். அந்த அம்மா எங்களுக்கும் ஒரு பாடம் சொன்னார். இந்தக் கடலில் பெட்டி வடிவ ஜெல்லி மீன் இருக்கிறது, எச்சரிக்கைப் பலகையைப் பார்க்காமல் இறங்காதீர்கள், கொட்டினால் தேய்க்கக் கூடாது, வினிகரை ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார். எங்கள் மாநிலத்துக் கடலைப் பற்றி ஃபின்லாந்துக்காரர் எனக்குச் சொல்லித் தந்தார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கேபிள் கார். அங்கேயும் கட்டணம் உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. இம்முறை அக்கா நான் வாய் திறப்பதற்குள் தன் சீட்டைத் தானே வாங்கிக்கொண்டார். மச்சின்சாங் மலையில் 708 மீட்டர் உயரம்வரை அது ஏறுகிறது. மேலே 125 மீட்டர் நீளத்துக்கு வளைந்து அந்தரத்தில் நிற்கும் பாலம். கீழே காடு. எதிரே அந்தமான் கடலும் தாய்லாந்தின் தீவுகளும். அந்த மலையின் மணற்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் புவிப்பூங்கா அங்கீகாரத்தைத் தென்கிழக்காசியாவில் முதலில் பெற்ற இடம் லங்காவிதான்.

திரும்பும் வழியில் மசூரியின் கல்லறைக்குப் போனோம். பழி சுமத்திக் கொன்றபோது வெள்ளை இரத்தம் சிந்தி, ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு விளங்காது என்று சாபமிட்ட பெண்ணின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். அவருடைய வழிவந்தவர்கள் தாய்லாந்தின் புக்கெட்டில் வாழ்கிறார்கள் என்கிறார்கள். "அப்ப அவங்க இங்க வந்தாலும் கடப்பிதழோடதான் வரணும்" என்றார் அக்கா. நான் பதில் சொல்லவில்லை.

அலையோரம் ஒரு கணக்கு

கடைசி நாள் மாலை. ஏழரை மணிக்குப் பக்கமாகச் சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி குவாவில் வாங்கிய சாக்லேட்டையும் சட்டி பானைகளையும் கட்டிவைக்க அறைக்குப் போய்விட்டாள். 1987 முதல் தீர்வையில்லாத் தீவு என்பதால், லங்காவியிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் மலேசியர் அரிது. நானும் அக்காவும் மணலில் உட்கார்ந்திருந்தோம்.

பல நாள் மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "பேசாம இங்கேயே இருந்துடுங்கக்கா. மேல் அறையைக் காலி பண்ணி வச்சிருக்கேன்."

அக்கா மணலில் விரலால் கோடு போட்டபடியே கணக்குச் சொன்னார். பிரிட்டிஷ் கடப்பிதழுக்கு இங்கே விசா இல்லாமல் தொண்ணூறு நாள்தான். நீண்ட காலம் தங்கும் திட்டங்களுக்கு வங்கியில் போட வேண்டிய வைப்புத்தொகை ஒரு தாதியின் சேமிப்புக்கு எட்டாது. மலேசியாவில் குடியேறிவிட்டால் பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயராது. குடியேறும்போது உள்ள தொகையிலேயே நின்றுவிடும். அங்கே குடியிருப்பை விட்டுவிட்டால் இலவச மருத்துவமும் பழையபடி கிடைக்காது. எழுபதுக்கு மேல் இது சின்ன விஷயம் இல்லை.

"அதெல்லாம் காகிதக் கணக்கு" என்றேன்.

"சரி, காகிதம் இல்லாத கணக்கும் இருக்கு. பேரனுக்குப் பத்து வயசு. சனிக்கிழமை ஆனா என் வீட்டுக்குத்தான் வருவான். அவங்க தாத்தாவை அங்க கடலைப் பாத்த மாதிரி புதைச்சிருக்கு. ஐம்பது வருசம் ஆச்சுடா தம்பி. குளிர்தான் எனக்குப் பிடிக்கல. ஊர் பிடிக்கலைன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

சொன்னதில்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில், முப்பது ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததும் வாயில் வந்துவிட்டது. அம்மா இறந்தது ஒரு பிப்ரவரியில். அக்காவுக்கு அன்றிரவே சொல்லிவிட்டோம். ஆனால் அங்கே கடும் பனிப்பொழிவு, விமானம் கிளம்பவில்லை. அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "கொஞ்சம் முயன்றிருந்தால் வந்திருக்கலாம்" என்று நான் யாரிடமோ சொன்னேன். அது அக்காவின் காதுக்குப் போயிருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

"தெரியும்" என்றார் அக்கா. "ராத்திரி முழுக்க விமான நிலையத் தரையில உக்காந்திருந்தேன். மச்சான்தான் அந்தக் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டாரு. அது அவரோட கோட்டுதான். இப்ப உன் அலமாரியில தொங்குதே, அதேதான்."

விமான நிலையத்தில் அந்தக் கோட்டைப் பார்த்து மனத்துக்குள் சிரித்தவன் நான். மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. அக்கா என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "எழுந்திருடா, பசிக்குது" என்றார். கடையில் மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய செப்பிலி மீனாகப் பார்த்து வாங்கி மூவரும் எலும்புவரை சாப்பிட்டோம். மச்சான் இறந்த பிறகு அக்கா இரண்டாம் முறை சோறு கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மிச்ச நாள்களை அக்கா எங்கள் வீட்டில் கழித்தார். காலையில் வெயில் ஏறும்வரை வாசலில் கீரை ஆய்வார். தைப்பூசத்துக்குச் சுங்கைப் பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கு வந்தார். மகளோடு தினமும் வீடியோவில் பேசினார். பகல் தூக்கம் தானாக நின்றுபோனது. மேல் அறையை நான் மறுபடி நிரப்பவில்லை. அக்கா அதை மூன்று மாத அறை என்று பெயர் வைத்துவிட்டார்.

மார்ச் கடைசியில் புறப்பட்டார். அந்த மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தோட்டத்தில் மஞ்சள் டாஃபடில் பூத்திருக்கும். கணக்குப் பார்த்துத்தான் பயணச்சீட்டு வாங்கியிருந்தார். அடுத்த ஜனவரிக்கும் இப்போதே விலை பார்த்து வைத்திருக்கிறார்.

விமான நிலையத்தில் கோட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். நல்ல கனம். உள்ளே போகுமுன் அக்கா அதை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசல் செருப்புத்தட்டில் செனாங்கில் வாங்கிய நீல நிற ஜப்பான் சிலிப்பர் அப்படியே இருந்தது. மறந்துவிட்டாரோ என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"அங்க அதைப் போட்டு எங்கடா நடக்கிறது? அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

மனைவி அதைத் துடைத்து மறுபடியும் தட்டிலேயே வைத்தாள். அதன் அடியில் இன்னும் கொஞ்சம் மணல் ஒட்டியிருக்கிறது.